சுங்கை சிப்புட்டில் தினமும் நடக்கப் பழகுவது எப்படி?

கோலாலம்பூரை ஒட்டிய பூச்சோங்கில் பல வருடம் இருந்துவிட்டு, மாமியாரைப் பார்த்துக்கொள்வதற்காக மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனுக்கே குடிவந்திருக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வயது 43, வீட்டிலிருந்தே கணக்கு வேலை. வந்து ஆறு வாரம் ஆகிறது. பசார், கிளினிக், கோயில், மகனின் தமிழ்ப்பள்ளி எல்லாமே நடக்கிற தூரம்தான். ஆனாலும் கை கார் சாவியைத்தான் தேடுகிறது. காலை ஐந்தரைக்கு எழுந்து நடந்து பார்த்து, ஒரு வாரத்தில் விட்டுவிட்டார். இது சோம்பேறித்தனமா, இதை எப்படிப் பழக்கமாக்குவது, இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ள மாமியாரையும் கூட்டிப் போகலாமா என்பது அவர் கேள்வி.

தங்கச்சி, முதலில் அந்தச் சோம்பேறித்தனப் பேச்சை விட்டுவிடுங்கள். அரசு கிளினிக்கில் இனிப்பு நீர் நோயாளிகளைப் பார்க்கும் பிரிவில் மிஸ்ஸியாக (நர்ஸாக) வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ‘தினமும் நடங்கள்’ என்று சொல்லி அனுப்பியவர்களில் நடக்காமலே திரும்பி வந்தவர்கள்தான் அதிகம். அவர்களில் முக்கால்வாசிப் பேர் விடியுமுன் எழுந்து வீட்டுக்கே சமைத்து வைத்துவிட்டு ஃபேக்டரி பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள். அவர்களைப் போய் யார் சோம்பேறி என்பது? அவர்களுடைய நாளில் நடைக்கென்று ஓர் இடம் இல்லை, அவ்வளவுதான். உங்களுக்கும் அதே கதைதான். ஒரே வித்தியாசம், அந்த இடத்தை உண்டாக்க உங்களுக்கு இப்போது நல்ல நேரம்.

ஆறு வாரம் என்று எழுதியிருந்தீர்களே, உங்கள் கேள்வியில் எனக்குப் பெரிதாகப் பட்டது அதுதான். வீடு மாறினால் பழைய பழக்கங்களின் பிடி கொஞ்ச நாளைக்குத் தளர்ந்திருக்கும். எந்தப் பக்கம் போவது, எந்தக் கடையில் வாங்குவது என்று எல்லாவற்றையும் புதிதாக யோசித்துத்தானே செய்கிறோம். இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரில் 800 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. அன்றாடப் பழக்கங்களை மாற்றச் சொல்லி உதவி செய்தபோது, அண்மையில் வீடு மாறியவர்களிடம்தான் அது நன்றாக எடுபட்டது. அந்த வாய்ப்பு சுமார் மூன்று மாதம் திறந்திருந்ததாகக் கணக்கிட்டார்கள். அப்புறம் புது ஊரிலும் பழைய மாதிரியே ஒரு வழி படிந்துவிடுகிறது. உங்களுக்கு அதில் பாதி கழிந்துவிட்டது, மீதிப் பாதி இருக்கிறது. ஆகவே ‘பள்ளி விடுமுறை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று மட்டும் வேண்டாம்.

நடக்க வசதியான ஊருக்கு வந்தாலே நடை தானாக வந்துவிடாதா என்று கேட்கலாம். ஓரளவு வரும். அமெரிக்காவில் ஊர் மாறிய ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கைப்பேசிகளில் பதிவான நடைக் கணக்கை வைத்து ஓர் ஆய்வு 2025-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. நடக்க வசதி குறைந்த ஊரிலிருந்து வசதி கூடிய ஊருக்குப் போனவர்கள், சராசரியாக ஒரு நாளைக்குச் சுமார் 1,100 காலடி கூடுதலாக நடந்தார்கள். எதிர்த்திசையில் போனவர்களுக்கு அதே அளவு குறைந்தது. அதே ஆள், அதே கால், மாறியது தெரு மட்டும்.

ஆனால் அந்தக் கணக்கை அப்படியே நம் ஊருக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது. அங்கே நடக்க வசதியான பெரிய நகரங்களில் காரை நிறுத்த இடம் தேட வேண்டும், அதற்குக் காசும் கொட்ட வேண்டும். அந்தத் தொல்லைக்கு நடந்தே போகலாம் என்று ஆகிவிடும். சுங்கை சிப்புட்டில் என்ன நடக்கிறது? ஒட்டுக்கடை வாசலிலேயே காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ‘அண்ணே, ஒரு தே தாரிக் பொட்டலம்’ என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லலாம். நடப்பது எவ்வளவு சுலபமோ, நடக்காமல் இருப்பதும் இங்கே அவ்வளவு சுலபம். 2017-இல் அதே ‘நேச்சர்’ இதழில் வந்த இன்னொரு கைப்பேசிக் கணக்கில் ஹாங்காங்வாசிகள் ஒரு நாளைக்குச் சராசரி 6,880 அடி நடந்தார்கள், மலேசியர்கள் 3,963. பட்டியலின் அடிவாரத்தில் இந்தோனேசியாவுக்குப் பக்கத்தில் நாம் இருந்தோம். ஹாங்காங்காரர்களுக்கு நம்மைவிட மனஉறுதி அதிகம் என்று நான் நம்பவில்லை. அங்கே கார் ஒரு தலைவலி, இங்கே நடைதான் தலைவலி என்று ஆகிவிட்டது.

ஊர் உங்களைத் தள்ளாது என்பதால் ஒரு தள்ளுதலை நீங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ‘உடற்பயிற்சிக்காக நடக்கிறேன்’ என்று தனியாக ஒரு நடையைத் தொடங்காதீர்கள். எப்படியும் போய்த் தீர வேண்டிய வேலைகளில் இரண்டை எடுத்து, அவற்றுக்கு நேரம் குறித்து, ‘இவற்றுக்குக் காலில்தான்’ என்று வைத்துவிடுங்கள். ரப்பர் தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது விடியுமுன் ஆள் எண்ணும் வரிசைக்கு, யாரும் மனஉறுதியோடு போகவில்லை. மணி அடித்தது, போனார்கள். உங்களுக்கும் அப்படி ஒரு மணி வேண்டும்.

அந்த மணி ஐந்தரை இல்லை. ஐந்தரைக்கு ஏன் நின்றுபோனது என்று பார்த்தீர்களா? 1982 ஜனவரி 1-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா சரவாக்கோடு ஒரே நேரமாக்கினார்கள். அதனால் நமக்கு வருடம் முழுக்க ஏழு மணியிலிருந்து ஏழரைக்குள்தான் சூரியன் உதிக்கிறது. தமிழ்நாட்டு யூடியூப் காணொளியில் ‘ஐந்தரைக்கு எழுந்து நடங்கள்’ என்பார்கள். அவர்களுக்கு அது விடியப் போகிற நேரம், நமக்கு நட்ட நடு இருட்டு. இருட்டில் தெருநாய், விளக்குப் போடாமல் பறக்கும் மோட்டார் சைக்கிள், மூடி இல்லாத கால்வாய். ஒரு பெண் தனியாக அந்த நேரத்தில் ஒரு வாரம் நடந்ததே பெரிது. பால்மரக் காட்டில் விடியுமுன் வேலை தொடங்கியதற்குக் காரணம் வேறு. குளிர்ந்த நேரத்தில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். அது மரத்துக்கு ஏற்ற நேரம். நமக்கும் அதே நேரம்தான் சரி என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

உங்கள் நாளை வைத்துப் பார்த்தால் எனக்கு மூன்று இடம் தெரிகிறது. பையனைப் பள்ளியில் விடுவது ஒன்று. பள்ளி தொடங்கும் நேரத்தில் வெளிச்சம் சரியாக வந்திருக்காது. ஆனால் அந்நேரம் தெருவெல்லாம் பெற்றோர்களும் பிள்ளைகளும்தான், பயமில்லை. பையனுக்குப் புத்தகப் பை கனம் என்றால் பையை நீங்கள் தூக்குங்கள். திரும்பும்போது நேராக வீட்டுக்கு வராமல் பசாருக்குப் போய் அன்றைக்கு வேண்டிய மீனோ கீரையோ மட்டும் வாங்குங்கள். ஒரு வாரத்துச் சாமானையும் ஞாயிற்றுக்கிழமை காரில் அள்ளிவந்து ஐஸ்பெட்டியில் அடைப்பது பூச்சோங் பழக்கம். இங்கே அது தேவையில்லை, தினம் புதுசாகவே கிடைக்கும். இன்னொன்று, இரவுச் சாப்பாடு முடிந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம். இதைப் பற்றி மாமியார் விஷயத்தில் மறுபடி சொல்கிறேன். மூன்றையும் முதல் நாளே பிடித்துக்கொள்ள வேண்டாம். பள்ளியும் பசாரும் ஒரே சுற்று, அதில் தொடங்குங்கள்.

சாவி விஷயம் சின்னதுதான், ஆனால் வேலை செய்யும். கார் சாவியை வாசல் ஆணியிலிருந்து எடுத்து, மேல்மாடி அலமாரிக்குள் வையுங்கள். அந்த ஆணியில் குடையையும் துணிப்பையையும் மாட்டுங்கள். காலணி வாசலிலேயே இருக்கட்டும். கை பழக்கத்தில் போகிற இடத்தில் குடை மாட்டியிருந்தால், அரை நொடி யோசிப்பீர்கள். பல நாள் அந்த அரை நொடியே போதும்.

நம் டவுன் நடப்பதற்கு எவ்வளவு தோதானது என்பது காரில் இருந்து பார்த்தால் தெரியாது. எல்பில், ஹீவுட், கமுனிங், டோவன்பி என்று சுற்றிலும் தோட்டங்கள். சம்பள நாளில் அங்கிருந்து வந்த சனம் அரிசி, துணி, மருந்து, நகை அடகு எல்லாவற்றையும் காலாலேயே முடித்துக்கொண்டு போகத் தோதாக, ரயில் நிலையத்தையும் பெரிய சாலையையும் ஒட்டிக் கடைகள் நெருக்கமாக அமைந்துவிட்டன. போதாக்குறைக்கு அஞ்சடி இருக்கிறது. 1822-இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் போட்டபோது, கடைவரிசைக்கு முன்னால் இந்தக் கூரையிட்ட நடைபாதையைக் கடைக்காரர்களே விட வேண்டும் என்று விதி வைத்தார். அந்தப் பழக்கம் பிறகு மலாய் மாநிலங்களின் டவுன்களுக்கும் வந்தது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க இதைவிட நல்ல ஏற்பாட்டை இன்றைய ஷாப்பிங் மால்காரர்களும் கண்டுபிடிக்கவில்லை என்பது என் கட்சி.

ஆனால் அஞ்சடியில் நடக்கும்போது கண் தரையில் இருக்கட்டும். ஒவ்வொரு கடைக்காரரும் தன் வாசலுக்குத் தன் வசதிப்படி தரை போட்டிருப்பார். மளிகைக்கடைச் சிமெண்ட் தரை முடிகிற இடத்தில் பக்கத்துக் கடையின் வழுவழு டைல்ஸ் நான்கு விரல் உயரத்தில் ஆரம்பிக்கும். அடுத்த கடையில் சரிவு, அதற்கடுத்து ஒரு படி இறக்கம். காலையில் கழுவிவிட்ட ஈரத்தில் ரப்பர் சிலிப்பர் சறுக்கிக்கொண்டு போகும். நடுவில் கேஸ் தோம்பு, வெங்காய மூட்டை, சீனர் கடை வாசலில் ஊதுபத்தி சொருகிய சிவப்புத் தகரம், நிறுத்திவைத்த மோட்டார். அடைத்திருக்கும் இடத்தில் சாலையில் இறங்க வேண்டிவந்தால், வருகிற வண்டியைப் பார்த்தபடி எதிர்முகமாக இறங்குங்கள். அது முதலாம் எண் கூட்டரசுச் சாலை. லோரிக்காரர் உங்களை எதிர்பார்த்துக்கொண்டு வருவதில்லை. சிலிப்பரை வீட்டோடு வைத்துவிட்டு, பின்பக்கம் பிடிப்புள்ள ஷூ ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய பிராண்டு எல்லாம் வேண்டாம்.

இனி யாரும் எழுதாத ஒன்று. உங்களை நிறுத்தப் போவது வெயிலும் நாயும் இல்லை, ஊர்வாய். இரண்டாம் நாளே யாராவது மோட்டாரை ஓரங்கட்டி, ‘ஏம்மா, காடி கெட்டுப்போச்சா? ஏறு, விட்டுடறேன்’ என்பார்கள். மூன்றாம் நாள் பசாரில் ஒரு அக்கா, ‘உங்க மகனுக்கு வேலை போயிடுச்சா?’ என்று உங்களிடமே கேட்காமல் மாமியாரிடம் கேட்பார். நான் கிளினிக்கில் வேலை பார்த்த காலத்தில், டாக்டர் சொல்லி நடக்க ஆரம்பித்த எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் நின்றார்கள். ஒருவர் மனம்விட்டே சொன்னார்: ‘மிஸ்ஸி, நான் நடந்து போனா எங்க அப்பா காலத்துக்கே திரும்பிப் போயிட்ட மாதிரி பார்க்கிறாங்க.’

இதைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வராது. நம் சனத்துக்கு நடை என்பது இன்பநடை இல்லை. ஐந்நூறு மரத்துக்கு மேல் உள்ள நிரையில் ஒவ்வொரு மரமாகச் சீவிக்கொண்டு போக வேண்டும், பிறகு அதே மரங்களுக்கு வாளியோடு திரும்பி வந்து மங்கில் இருந்த பாலை ஊற்ற வேண்டும், அதைச் சுமந்து ஸ்டோருக்குப் போக வேண்டும். அதை வருடக்கணக்காகச் செய்தவர்கள் பைசா பைசாவாகச் சேர்த்து முதலில் சைக்கிள், அப்புறம் கப்சாய் மோட்டார், அப்புறம் பிள்ளைகள் தலையெடுத்துக் கார் என்று வாங்கினார்கள். வாகனத்தில் போவது என்பது ‘நாங்கள் அதிலிருந்து வெளியே வந்துவிட்டோம்’ என்று ஊருக்குச் சொல்வது. அந்த மனுஷர்களின் கண்ணில் ஒரு பெண் காய்கறிப் பையோடு நடந்து வந்தால் இரக்கம்தான் வரும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை.

ஆகவே வாதாடாதீர்கள், இனிப்பு நீர் பிரசங்கமும் வேண்டாம். எல்லாரிடமும் ஒரே பதிலை வைத்துக்கொள்ளுங்கள்: ‘டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்.’ நம் ஊரில் டாக்டர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. பொய் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த தடவை கிளினிக்குப் போகும்போது, ‘டாக்டர், நான் நடக்கலாமா?’ என்று கேளுங்கள், சொல்லிவிடுவார். ஒரு மாதத்தில் அந்த அக்காவே, ‘என்ன இன்னைக்கு லேட்டு?’ என்று கேட்க ஆரம்பிப்பார். அப்போது ஊர்வாய் உங்கள் பக்கம் வந்துவிடும். நீங்கள் வராத அன்று விசாரிக்க ஆள் இருக்கும் தெருவில் நடையை விடுவது கஷ்டம். பூச்சோங்கில் இந்த வசதி கிடைக்காது.

எவ்வளவு நடக்க வேண்டும்? பத்தாயிரம் அடி என்பதை மறந்துவிடுங்கள். அது 1960-களில், தோக்கியோ ஒலிம்பிக்ஸுக்குப் பிறகு, ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியோடு பரவிய எண். மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்தது இல்லை. அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள பெண்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2019-இல் வந்தது. ஒரு நாளைக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிடச் சுமார் 4,400 அடி நடந்தவர்களிடம் மரண விகிதம் தெளிவாகவே குறைவு. 7,500 அடிக்கு மேல் போனால் கூடுதலாகப் பெரிய பலன் தெரியவில்லை. இன்றைக்கு நீங்கள் நடக்கும் அளவைக் கைப்பேசியில் பாருங்கள், அதோடு ஆயிரம் அடி கூட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிட நடை அது. பழகியபின் இன்னொரு ஆயிரம்.

வேகத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பசாரில் மீன் பேரம் பேசிக்கொண்டு நகர்வது நடைக்கணக்கில் வந்தாலும் இதயத்துக்குப் பெரிய வேலை இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்கு வாரம் 150-இலிருந்து 300 நிமிடம் வரை மிதமான வேகத்தில் உடலியக்கம் வேண்டும் என்று சொன்னது. முன்பு ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றார்கள். இப்போது அந்த நிபந்தனை இல்லை, சின்னச் சின்னதாகச் செய்தாலும் சேரும். மிதமான வேகம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் நூறு அடி. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பையனை விட்டபின் பசார் வரைக்கும் உள்ள பாதையை உங்கள் வேக நடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கை காலியாக இருப்பது அப்போதுதான். பையோடு திரும்பும்போது மெதுவாகவே வாருங்கள். ஒரு கையில் மட்டும் ஐந்து கிலோ தொங்கவிட்டு வேகமாக நடந்தால் தோள்பட்டை உங்களோடு சண்டைக்கு வரும்.

நடந்த களைப்புக்கு ஒரு ரொட்டி சானாய் என்பது நம் ஊர் வழக்கம். ஒரு ரொட்டியில் சுமார் 300 கலோரி. இருபது நிமிட வேக நடையில் கரைவது நூறைத் தொடுமா என்பதே சந்தேகம். ஒட்டுக்கடையில் உட்காருங்கள், பேசுங்கள், அதுவும் நடையை இழுத்துக்கொண்டு போகிற விஷயம்தான். சீனி போடாத தே ஓ கோசோங் சொல்லுங்கள்.

எப்போது பழக்கமாகும் என்றால், இருபத்தொரு நாள் என்பதையும் நம்ப வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியின் குழு 96 பேரைத் தொடர்ந்து கவனித்தது. ஒரு செயல் யோசிக்காமலே வரும் நிலைக்கு வந்துசேரப் பொதுவாக ஏறத்தாழ 66 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். அதில் எனக்குப் பிடித்த முடிவு இன்னொன்று. நடுவில் ஒரு நாள் விட்டதால் பழக்கம் உருவாவது கெட்டுப்போகவில்லை. தைப்பூசத்துக்கு ஈப்போ போனீர்கள், மழை கொட்டியது, பையனுக்குக் காய்ச்சல், விடுங்கள். மறுநாள் அதே நேரத்துக்குக் கிளம்புங்கள். விட்டதை ஈடுகட்ட இரட்டிப்பாக நடக்க வேண்டாம், முட்டி பிடித்துக்கொள்ளும்.

மழை, வெயில், புகைமூட்டம் மூன்றும் நமக்கு உண்டு. ஏப்ரல் மே மாதங்களிலும் அக்டோபர் நவம்பரிலும் மதியத்துக்குமேல் இடிமழை பிடித்துக்கொள்ளும். காலை பெரும்பாலும் தெளிவாகத்தான் இருக்கும். தூறலுக்குக் குடையும் அஞ்சடியும் போதும். இடி கேட்டால் மரத்தடியில் நிற்காமல் கடைக்குள் போய்விடுங்கள். காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை வெட்டவெளியில் நடப்பது வீண் வேலை. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைக் கைப்பேசியில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நூறைத் தாண்டினால் ஆரோக்கியமற்ற நிலை என்று அரசாங்கமே வகைப்படுத்துகிறது. அன்றைக்கு நடை வீட்டுக்குள்தான். மாமியாருக்கு ஆஸ்துமாவும் இருந்தால் அதற்கு முன்பே நிறுத்திவிடலாம்.

நாய் வந்தால் ஓடாதீர்கள், கண்ணுக்கு நேரே முறைக்காதீர்கள். நின்று, குடையை முன்னால் பிடித்து, மெதுவாகப் பக்கவாட்டில் நகருங்கள். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே மருத்துவமனைக்கு.

செம்பனைத் தோட்டத்துக்குள் நடக்கலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். நிழலும் அமைதியும் இழுக்கும், எனக்குத் தெரியும். போகாதீர்கள். செம்பனைக்குலையிலிருந்து உதிர்ந்த பழத்துக்கு எலி வரும், எலிக்கு நாகம் வரும். எலியைக் கட்டுப்படுத்தத்தான் தோட்டங்களில் கூடு வைத்து ஆந்தை வளர்க்கிறார்கள். அடுக்கி வைத்த ஓலைக் குவியலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது வெட்டுகிறவருக்கே தெரியாது. குலை ஏற்றிவரும் லோரி ஒருபக்கம். அதோடு அது கம்பெனி நிலம், காவலாளி நிறுத்திக் கேட்டால் சங்கடம். பச்சை பார்க்க வேண்டும் என்றால் தாமான் (குடியிருப்பு) திடலைச் சுற்றி வாருங்கள்.

இப்போது மாமியார். எல்பில் தோட்டத்தில் பால் வெட்டியவர், ‘நான் நடந்த நடை ஏழு ஜென்மத்துக்குப் போதும்’ என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உடம்பு அந்தக் கணக்கைச் சேர்த்து வைப்பதில்லை. தசை வேலை செய்யும்போது ரத்தத்திலிருந்து சர்க்கரையை உறிஞ்சிக்கொள்கிறது, அந்த நன்மை ஓரிரு நாளில் தேய்ந்துவிடும். அதனால்தான் இனிப்பு நீர்க்காரர்கள் தொடர்ந்து இரண்டு நாளுக்குமேல் இடைவெளி விடக் கூடாது என்கிறோம். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு இனிப்பு நீர் இருந்தது, நம்மவர்களிடையே அதைவிட அதிகம். தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தபோது சோற்றின் அளவு அப்படியே வந்தது, நடை மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

அவரைப் பசாருக்கு இழுக்க வேண்டாம், அந்த அஞ்சடி மேடுபள்ளம் அவருக்கு ஆகாது. அவருக்கு ஏற்றது சாப்பாட்டுக்குப் பிந்திய நடை. இனிப்பு நீர் வரும் அபாயத்தில் இருந்த வயதானவர்களிடம் 2013-இல் செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பதினைந்து நிமிடம் நடந்தது, காலையில் ஒரேயடியாக நாற்பத்தைந்து நிமிடம் நடந்ததற்குக் குறையாத பலனைத் தந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரையை அடக்குவதில் அதைவிட நன்றாகவே வேலை செய்தது. நீங்களும் அவரும் ஏழரைக்குச் சாப்பிட்டுவிட்டு, விளக்கு நன்றாக எரியும் உங்கள் வரிசையிலேயே இரண்டு தடவை போய்வாருங்கள். ஐந்து நிமிடத்தில் தொடங்கினால் போதும். சீரியல் எட்டரைக்கு என்றால் அதற்குமுன் திரும்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் வரமாட்டார்.

கிளம்புமுன் சில விஷயம். அவர் இன்சுலினோ கிளிக்லசைடு மாத்திரையோ எடுப்பவரானால், நடக்கும்போது சர்க்கரை இறங்கிப் போகலாம். வியர்வை, கைநடுக்கம், திடீர் எரிச்சல் அதன் அடையாளம். பையில் நாலைந்து மிட்டாய் இருக்கட்டும், மைலோ பொட்டலமும் சரிதான். நெஞ்சை அடைக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் அங்கேயே நின்று மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பாதம்தான் முக்கியம். பல வருட இனிப்பு நீரில் பாதத்துக்கு உணர்ச்சி மங்கிவிடும். ஷூவுக்குள் பையனின் லெகோ கட்டை கிடந்தாலும் தெரியாமல் அதன்மேல் நடந்துவிட்டு வருவார். போடுமுன் ஷூவைக் கவிழ்த்துத் தட்டுங்கள், உள்ளே கைவிட்டுப் பாருங்கள். பருத்திக் காலுறை போடச் சொல்லுங்கள். இரவு படுக்குமுன் விரலிடுக்குவரை வெளிச்சத்தில் பாருங்கள். அவர் குனிய முடியாவிட்டால் நீங்கள் பாருங்கள். கழுவியபின் விரலிடுக்கைத் துடைத்துக் காயவைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வெறுங்காலோடு போவதை நிறுத்தச் சொன்னால் கேட்கமாட்டார், ஆகவே உச்சிவெயில் நேரத்தில் மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள். காய்ந்த சிமெண்ட் தரையில் பாதம் வெந்து கொப்புளித்தும் வலி தெரியாமல், இரண்டு நாள் கழித்துக் கிளினிக்குக்கு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சிவப்போ கொப்புளமோ சின்னக் கீறலோ கண்ணில் பட்டால் நடையை நிறுத்திவிட்டு அன்றைக்கே கிளினிக்கில் காட்டுங்கள். மஞ்சள் பூசி நாலு நாள் பார்க்கிறேன் என்பார், விடாதீர்கள்.